பக்கத்தின் எடை எவ்வளவு? இணையத்தள வேகம் பற்றி வாசகர் கேட்டவை

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, சொந்தத் தொழிலுக்கென ஓர் இணையத்தளம் வைத்திருப்பவர்கள் எழுதியவை. நால்வருமே தளம் திறக்க எடுக்கும் நேரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆகையால் இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அப்புத்தளையில் குடும்பமாகச் சேர்ந்து நான்கு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதியை நடத்துகிறோம். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் மகன் தானே எழுதி ஓர் இணையத்தளம் அமைத்துத் தந்தான். வீட்டு வைஃபையில் அது உடனே திறக்கிறது. ஆனால் அறை கேட்டு அழைப்பவர்கள், "உங்கள் தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்" என்கிறார்கள். எங்களுக்குத் திறப்பது அவர்களுக்கு மட்டும் ஏன் திறப்பதில்லை?
– வாசகி, அப்புத்தளை

பதில்: உங்கள் வீட்டில் தளம் உடனே திறப்பதற்கு வைஃபை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் தொலைபேசி அந்தப் படங்களை ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பதுதான். ஒரு தளத்தை ஒருமுறை பார்த்ததும் அதன் படங்களையும் எழுத்துருக்களையும் பிரவுசர் தன் கேஷில் சேமித்துக்கொள்கிறது. அடுத்த முறை அவை இணையத்திலிருந்து வராமல் தொலைபேசிக்குள்ளிருந்தே வருகின்றன. தன் தளத்தைத் தினமும் பலமுறை திறந்து பார்க்கும் உரிமையாளருக்கு இதனாலேயே அதன் உண்மையான வேகம் கண்ணில் படுவதில்லை. முதன்முறையாக வருபவருக்குத்தான் அது தெரியும். உங்களிடம் அறை எடுக்கப் போகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

அவர் பார்ப்பதைப் போலவே நீங்களும் பாருங்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவைப் போட்டு, பழைய சேமிப்பு எதையும் எடுத்துக்கொள்ளாத இன்கொக்னிட்டோ சாளரத்தில் தளத்தைத் திறக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய முகவரியை நான் அட்டன் பஸ் நிலையத்துக்கு அருகில் நின்று அப்படித்தான் திறந்தேன். விடுதியின் பெயரும் பச்சைப் பட்டையும் நான்கு செக்கன்களில் வந்துவிட்டன. அதற்குக் கீழே முதற்படம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போல, மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கத் தொடங்கியது. மலைமுகடு தெரிந்தது. பிறகு வெகுநேரம் எந்த அசைவும் இல்லை. ஒரு நிமிடம் கழிந்த பின்னரும் வராந்தாவின் கைப்பிடி வரைக்குமே படம் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் குரோமைத் திறந்து, எஃப்-12 விசையை அழுத்தி, 'நெட்வேர்க்' என்ற பகுதியில் பார்த்தபோது காரணம் தெளிவாகியது. முதற்பக்கத்தில் பதினொரு படங்கள் இருக்கின்றன. அவை மட்டும் 41 மெகாபைட். தானாக ஓடத் தொடங்கும் ட்ரோன் காணொளி இன்னொரு 19 மெகாபைட். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற சோதனைக் கருவி, தொலைபேசிக்கான சோதனையில் செக்கனுக்கு 1.6 மெகாபிட் என்ற வேகத்தைக் கணக்கில் எடுக்கிறது. மலைவளைவுகளுக்கிடையே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் பஸ்ஸில் அமர்ந்திருப்பவருக்கு அந்த வேகம் தொடர்ந்து கிடைத்தாலே நல்லது என்பேன். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 41 மெகாபைட் என்பது 328 மெகாபிட் ஆகிறது. அதை 1.6ஆல் வகுத்தால் 205 செக்கன், அதாவது ஏறத்தாழ மூன்றரை நிமிடம்; காணொளியை இன்னும் சேர்க்கவில்லை. நேரம் போவதோடு, இந்த 60 மெகாபைட்டும் உங்கள் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவிலிருந்து கழிகிறது. சிறிய பெக்கேஜ் ஒன்றை வாரம் முழுக்கச் சிக்கனமாகப் பாவிப்பவரிடமிருந்து நாம் கேட்காமல் எடுக்கும் பணம் அது என்பதை, தளம் அமைக்கும் எல்லோரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வராந்தாவிலிருந்து பள்ளத்தாக்கைக் காட்டும் அந்த முதற்படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது கமராவிலிருந்து வந்த அதே நிலையில், 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமுமாக, 4.8 மெகாபைட் எடையில் இருக்கிறது. மொத்தம் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள். அதைக் காட்டும் தொலைபேசித் திரையின் அகலமோ 1080 புள்ளிகள். அந்த அகலத்துக்கு இந்தப் படத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் குறைவான புள்ளிகளே தேவை. ஏறத்தாழப் பதினான்கு மடங்கு புள்ளிகளை இறக்கிய தொலைபேசி, அவற்றைச் சுருக்கிக் காட்டிவிட்டு மிகுதியை வீசிவிடுகிறது.

இதற்கான மருந்து இலவசமானது. குரோம் பிரவுசரை உருவாக்கும் குழுவினர் ஸ்குவூஷ் என்ற கருவியை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அது உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்வதால் படம் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை. படத்தை அதில் இட்டு, அகலத்தை 1600 புள்ளியாகக் குறைத்து, வடிவத்தை வெப்-பி என்று தெரிவு செய்து, தரத்தை 75இல் வைத்துச் சேமித்தேன். 4.8 மெகாபைட் படம் 190 கிலோபைட்டாகக் குறைந்தது, அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டையும் தொலைபேசியில் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெப்-பி, கூகுள் 2010இல் வெளியிட்ட பட வடிவம். ஒத்த தரத்திலான ஜேபெக் படத்தைவிட 25 முதல் 34 சதவீதம் வரை எடை குறைவு என்பது கூகுளின் ஒப்பீடு. அப்பிளின் சஃபாரியும் 2020இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இன்று தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவான எடை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் படங்களில் காலைப் பனி மூடிய மலை ஒன்றும், தேயிலைச் செடிகளை மிக அருகில் எடுத்தது ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே அகலத்துக்கும் ஒரே தரத்துக்கும் குறைத்தால், பனிப்படத்தைவிடச் செடிப்படம் சில மடங்கு கனமாக வரும். ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடத்தைச் சில எண்களாலேயே குறித்துவிட முடிகிறது. ஒவ்வோர் இலையின் ஓரமும் நரம்பும் நிழலும் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் அது முடிவதில்லை. ஆகவே முதற்பக்கத்தின் உச்சியில் எந்தப் படத்தை வைப்பது என்று தீர்மானிக்கும்போது, அழகில் இரண்டும் சமமென்றால் பனிப்படத்தையே வையுங்கள்.

மகனுக்குச் சொல்ல வேண்டியவை இனி. முதற்படத்தைத் தவிர ஏனைய பத்துப் படங்களுக்கும் 'லேஸி லோடிங்' என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் கீழே நகர்த்தி அருகில் வரும்போதே அவை இறங்கும். முதற்படத்துக்கு மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் உடனே தெரிய வேண்டிய படம் தாமதமாகும். பலர் எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு வேகம் கூடவில்லையே என்று வருந்துகிறார்கள். அடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் அதன் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்வரை அதற்கென இடம் ஒதுக்கப்படாது. வந்ததும் கீழே உள்ளவற்றை அது தள்ளிவிடும். உங்கள் தளத்தில் 'அழைக்க' என்ற பொத்தானை நான் தொடப்போன நேரத்தில் அதற்கு மேலே ஒரு படம் வந்து விழுந்தது. பொத்தான் கீழே போய்விட்டது, என் விரல் முகநூல் இணைப்பில் பட்டு, தளத்தை விட்டே வெளியேறிவிட்டேன். அறை கேட்க வந்தவர் திரும்பி வந்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

காணொளியை முதற்பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதே என் ஆலோசனை. அதன் ஒரு காட்சியைப் படமாக வைத்து, தொட்டால் யூடியூப்பில் திறக்கும்படி இணைப்புக் கொடுத்தால் போதும். யூடியூப் பெட்டியையே பக்கத்துக்குள் பதிப்பதும் அவ்வளவு நல்லதல்ல; யாரும் தொடாவிட்டாலும் அந்தப் பெட்டி பல நூறு கிலோபைட் நிரல்களைத் தன்னோடு இழுத்து வரும். கமராவில் எடுத்த மூலப் படங்களை மட்டும் அழித்துவிடாமல் ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். என்றாவது சுவரொட்டியோ கையேடோ அச்சடிக்க அவை வேண்டியிருக்கும்.

கேள்வி: அட்டனில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுகிறது. திறப்பதற்கு மிகவும் தாமதமாகிறது என்று அமைத்துத் தந்த நிறுவனத்திடம் முறையிட்டபோது, இப்போது கொடுப்பதைப் போல நான்கு மடங்கு பணம் கொடுத்து வேறு ஹோஸ்டிங்குக்கு (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவைக்கு) மாறினால்தான் சரிவரும் என்றார்கள். படங்களை ஏற்கெனவே சிறிதாக்கிவிட்டோம். பணத்தைக் கொடுக்கலாமா?
– வாசகர், அட்டன்

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள். ஒரு சிறு சோதனையைச் செய்துவிட்டுத் தீர்மானியுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

'வணக்கம்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொண்ட சாதாரண இணையப் பக்கக் கோப்பு (எச்.ரி.எம்.எல்.) ஒன்றை, உங்கள் தளம் இருக்கும் அதே ஹோஸ்டிங்கில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கோப்பையும் கடையின் முதற்பக்கத்தையும் தனித்தனியாகத் திறந்து, நான் மேலே சொன்ன 'நெட்வேர்க்' பகுதியில், சேர்வரிடமிருந்து, அதாவது தளத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியிடமிருந்து, முதலாவது பைட் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இந்த நேரம் 0.8 செக்கனுக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் தரும் அளவுகோல். வெற்றுக் கோப்பு சட்டென்று வந்து, கடைப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று செக்கன் எடுத்தால், குறை வேர்ட்பிரஸ்ஸுக்குள் இருக்கிறது. அந்தக் குறையையும் சேர்த்துத்தான் புதிய ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோவீர்கள். வெற்றுக் கோப்பே தாமதமாக வந்தால் மட்டும் சேர்வரையோ அது இருக்கும் தூரத்தையோ சந்தேகிக்கலாம்.

குறை வேர்ட்பிரஸ்ஸுக்குள் இருப்பதே நான் அதிகம் கண்டது. யாராவது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தைத் தேடி, நிரல்களை ஓட்டி, பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறது. தேநீர்க்கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவர் வந்த பிறகே மாவைப் பிசைந்து ரொட்டி சுடுவதைப் போன்றது இது. பேஜ் கேஷ் என்ற வசதியைத் தரும் பிளகின் (வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றை நிறுவினால், ஒருமுறை கட்டிய பக்கம் அப்படியே எடுத்து வைக்கப்பட்டு அடுத்தடுத்து வருபவர்களுக்கு உடனே கொடுக்கப்படும். இணையத்தில் விற்பனையும் செய்கிறீர்கள் என்றால், வாடிக்கையாளரின் கூடையும் பணம் செலுத்தும் பக்கமும் இந்தச் சேமிப்பில் சேராதபடி ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரது கூடையை இன்னொருவர் காணும் விபரீதம் நேரலாம்.

அத்தோடு, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி. எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று கேளுங்கள். 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, ஆனால் அதிலேயே ஓடும் தளங்களை இன்றும் காண்கிறேன். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினாலே புதிய பதிப்புக்குப் போகலாம். மாற்றுவதற்கு முன் தளம் முழுவதையும் பிரதி எடுத்து வைக்க வேண்டும், ஏனெனில் பழைய பிளகின் ஏதாவது புதிய பதிப்பில் முறிந்துபோகக் கூடும். பிளகின்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பார்வையாளர் எண்ணிக்கை காட்டுவது, பனி பொழிவதாகக் காட்டுவது, முகநூல் பக்கத்தை அப்படியே ஓரத்தில் ஒட்டுவது, யாரும் பதிலளிக்காத அரட்டைப் பெட்டி என்பன புடவை விற்க உதவுவதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் எது பாரம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இனித் தூரத்துக்கு வருவோம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. உங்கள் சேர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் இடைத்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். போய்த் திரும்ப 0.14 செக்கனுக்குக் குறையாது. கடலடிக் கேபிள்கள் சுற்றிச் செல்வதாலும் வழியில் பல சந்திகளைக் கடக்க வேண்டியிருப்பதாலும் நடைமுறையில் அது கால் செக்கன் வரை போவது சாதாரணம். வழக்கமான முறையில், இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்றும், தகவலை மறைத்து அனுப்புவதற்கான உடன்பாட்டுக்கு ஒரு சுற்றும், பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு சுற்றும் தேவைப்படுகின்றன. மூன்று கால் செக்கன்கள் சேர்ந்தால் முக்கால் செக்கன். இதற்குள் ஒரு படம்கூட வந்திருக்காது. இதே சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் தூரம் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர்தான். ஆகவே ஹோஸ்டிங் மாற்றுவது என்று முடிவெடுத்தால், எத்தனை கிகாபைட் தருகிறார்கள் என்பதற்கு முன்னர் சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மாறுவதற்கு முன்னரும் ஒரு வழி உண்டு. கிளவுட்ஃபிளேர் போன்ற சி.டி.என். சேவைகள் உங்கள் தளத்தின் படங்களையும் நிரல்களையும் உலகின் பல நகரங்களில் பிரதியெடுத்து வைத்து, கேட்பவருக்கு அருகிலுள்ள நகரத்திலிருந்து கொடுக்கின்றன. கிளவுட்ஃபிளேருக்குக் கொழும்பிலும் ஒரு நிலையம் இருக்கிறது. சிறு தளங்களுக்கு அதன் இலவசத் திட்டமே போதுமானது. ஆனால் அது இயல்பாகப் படங்கள், நிரல்கள் போன்றவற்றையே பிரதியெடுக்கும், பக்கத்தை அல்ல. அதை இணைத்த பிறகும் முதலாவது பைட் தாமதமாகவே வருகிறது என்றால் அதிசயப்படாமல் பேஜ் கேஷை மீண்டும் சரிபாருங்கள். இவை எல்லாவற்றையும் செய்த பின்னும் வெற்றுக் கோப்பு திணறுகிறது என்றால், அப்போது அந்த நான்கு மடங்கைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: தலவாக்கலையில் அச்சகம் நடத்துகிறோம். தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கோடுகளும் பெட்டிகளும் முதலில் வருகின்றன, எழுத்துகள் சில செக்கன் கழித்தே தெரிகின்றன. தமிழ் எழுத்துகள் கணினிக்குப் பாரமானவை என்று ஒருவர் சொன்னார். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் தன் மொழியில் விலையைப் படிக்க முடியாமல் போவதற்கு, தவறான ஒரு தகவல் காரணமாகிவிடக் கூடாது.

அந்த நண்பர் சொன்னதில் ஓர் இழை உண்மை இருக்கிறது. யுனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) தமிழைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் செலவாகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒன்று. 'தேயிலை' என்ற சொல் கணினிக்குள் ஆறு குறியீடுகள், ஆகவே 18 பைட். ஐயாயிரம் குறியீடுகள் கொண்ட ஒரு முழுப் பக்கமும் 15 கிலோபைட்தான் வருகிறது, சேர்வரில் ஜிஸிப் சுருக்கம் இயங்கினால் அதிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். உங்கள் தளத்தின் உச்சியில் இருக்கும் ஒரேயொரு அலங்காரப் படத்தின் எடைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நீங்கள் காணும் தாமதம் எழுத்துருக் கோப்புகளால் வருகிறது. மூன்று மொழிகளுக்கும் தனித்தனி எழுத்துரு, ஒவ்வொன்றிலும் மெல்லியது, சாதாரணம், நடுத்தரம், தடித்தது என நான்கு வகை, ஆகப் பன்னிரண்டு கோப்புகளை உங்கள் பக்கம் கேட்கிறது. அவை வரும்வரை பெரும்பாலான பிரவுசர்கள் மூன்று செக்கன் அளவுக்கு எழுத்தைக் காட்டாமல் மறைத்து வைக்கும். இதனால்தான் கோடுகள் முதலிலும் எழுத்துகள் பிறகும் வருகின்றன.

நான் செய்வது என்னவென்றால், உடற்பகுதி எழுத்துக்கு எந்த எழுத்துருவையும் இறக்குவதில்லை. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, ஐபோனிலும் தமிழுக்கென எழுத்துரு உண்டு, விண்டோஸ் 8 முதல் நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது. அவையே வாசிக்கப் போதுமான அளவு தெளிவானவை. அச்சகம் என்பதால் தலைப்புகளில் மட்டும் உங்களுக்கென ஓர் அழகான எழுத்து வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமே. ஒரு வகையை மட்டும் வொஃப்-2 என்ற சுருக்கப்பட்ட எழுத்துரு வடிவத்தில் வையுங்கள். நிரலில் 'ஃபொன்ட் டிஸ்பிளே' என்ற இடத்தில் 'சுவொப்' என்று குறித்தால், அது வரும்வரை தொலைபேசியிலுள்ள எழுத்தே தோன்றும். ஒவ்வொரு எழுத்துருவும் எந்த மொழிக்குரியது என்பதை 'யுனிகோட் ரேஞ்ச்' மூலம் குறித்துவிட்டால், தமிழ்ப் பக்கத்தைப் படிப்பவருக்காகச் சிங்கள எழுத்துரு இறங்கி வராது. எழுத்துருக் கோப்பை மேலும் சிறிதாக்க எழுத்துகளைக் கத்தரிப்பவர்கள் ஸ்ரீ, க்ஷ போன்றவற்றைத் தொலைத்துவிடுவதை அடிக்கடி காண்கிறேன். திருமணப் பத்திரிகையில் 'ஸ்ரீ' உடைந்து நிற்பதை எந்த வாடிக்கையாளரும் மன்னிக்க மாட்டார், கவனமாக இருங்கள்.

உங்கள் தளத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். விலைப்பட்டியல் எழுத்தாக இல்லாமல் ஒரு முழுநீளப் படமாக, 1.3 மெகாபைட் பி.என்.ஜி. கோப்பாக இருக்கிறது. அச்சுவேலையைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்வதால் இப்படி நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பாமினியில் அடித்தது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவுமே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது குழப்பமாகத் தெரிவதால், படமாக்கி ஒட்டுவது பலருக்கும் பழகிப்போய்விட்டது. பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றி, ஒரு சாதாரண அட்டவணையாகப் போடுங்கள். சில கிலோபைட்டில் முடிந்துவிடும். 'தலவாக்கலை கல்யாணப் பத்திரிகை' என்று யாராவது தேடும்போது கூகுளும் அந்தப் பட்டியலை வாசிக்கும். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுவதும் மெய்ப்புப் பாருங்கள்; கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும்.

கேள்வி: நுவரெலியாவில் பூங்கன்று நாற்றுமேடை வைத்திருக்கிறேன். பேஜ்ஸ்பீட் சோதனையில் என் தளத்துக்குத் தொலைபேசிப் பிரிவில் காலையில் 71 புள்ளி, மாலையில் எதையும் மாற்றாமலே 64 புள்ளி. நூறு எடுக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, நுவரெலியா

பதில்: நூறு எடுக்க வேண்டியதில்லை. அந்தப் புள்ளி, ஓர் ஆய்வுச் சூழலில் மெதுவான இணைப்பையும் நடுத்தரத் தொலைபேசியையும் பாவனை செய்து ஒரே ஒரு தடவை திறந்து பார்த்ததன் விளைவு. சோதனை நேரத்துச் சிறு மாற்றங்களுக்கே அது ஏறி இறங்கும். மெய்யான பார்வையாளர்களின் அனுபவத்தைக் கூகுள் வேறாக அளக்கிறது. பெரிய படமோ பந்தியோ 2.5 செக்கனுக்குள் தோன்றுவது, தொட்டதற்கு 200 மில்லிசெக்கனுக்குள் பக்கம் அசைந்து கொடுப்பது, உள்ளடக்கம் இடம் மாறிக் குதிப்பதற்கான அளவு 0.1ஐத் தாண்டாமல் இருப்பது ஆகிய மூன்றும், வருகைகளில் 75 சதவீதத்துக்காவது நிறைவேற வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இரண்டாவது அளவுகோல் 2024 மார்ச்சில்தான் பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. இந்த விபரம் கடந்த 28 நாட்களின் வருகைகளிலிருந்து திரட்டப்படுவதால், வருகை குறைந்த சிறு தளங்களுக்குப் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை, உங்கள் தளத்துக்கும் காட்டப்படவில்லை.

ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். ஓரளவு பழைய தொலைபேசி ஒன்றை இரவல் வாங்கி, டேட்டாவில், இன்கொக்னிட்டோவில், நாற்றுமேடையின் வாசலிலும் பஸார் வீதியிலும் மூன்று மூன்று தடவை திறந்து, முதற்படம் தெரியும் வரைக்குமான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் நடுவிலுள்ள எண்ணை எடுங்கள். நான் இங்கே பார்த்தபோது இரண்டு செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது, அழைக்கும் பொத்தானும் அசையாமல் நின்றது. உங்கள் தளத்துக்கு இது நல்ல நிலை; வேகத்துக்காக இனி யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கன்றுகளின் விலை மட்டும் சென்ற ஏப்ரல் சீசனுக்கு உரியதாக இன்னும் இருக்கிறது, அதை இந்த வாரமே திருத்திவிடுங்கள்.